சனிக்கிழமை வைத்தியம்

ஒரு கோடையில் எனக்கு வலது தோள் பூட்டிக்கொண்டது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. தலைகூட வாரிக்கொள்ள முடியாதவள் மீன் கூடையை எங்கே தூக்குவது? பொன்னேரியில் பார்த்த டாக்டர் சென்னையில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஓர் ஊசி போட்டுவிட்டு, சனிக்கிழமைதோறும் காலையில் வந்து கைப்பயிற்சி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதான் இடுப்பொடிகிற நாள். என் கணவரும் அவருடைய அண்ணனும் பழவேற்காட்டில் ஒரே படகில் தொழில் செய்கிறார்கள். விற்பனை எங்கள் பாடு, அதாவது நானும் அண்ணன் மனைவியும். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி மார்க்கெட்டில் கூட்டம் அதிகம். அதற்காக முதல் நாளே எங்கள் படகுச் சரக்கு போதாமல் ஏலத்திலும் எடுப்போம். இறாலைத் தரம் பிரிக்க வேண்டும், நண்டைக் கட்ட வேண்டும், ஐஸ் பாரை உடைத்துப் போட்டுப் பெட்டிகளை அடைக்க வேண்டும். இருட்டும்வரை குனிந்த முதுகு நிமிராது.

"நீ போயிட்டு வா. கையி இல்லாம இங்க ஒக்காந்துக்கினு இன்னா பண்ணப்போற? நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

அப்படித்தான் ஆரம்பித்தது. விடியற்காலை பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் சென்னை. மருத்துவமனையில் ஒரு கப்பியில் கயிறு மாட்டியிருப்பார்கள். அதை இழுத்து இழுத்துக் கையைத் தூக்கப் பழக்குவார்கள். பத்து பேர் வரிசையாக நின்று கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல இருக்கும். மதியத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை அது முடிந்து வெளியே வந்து நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலுக்குள் ஓடி ஒதுங்கினேன். அங்கே ஒரு தட்டி வைத்திருந்தார்கள். பண்டைய உலகமும் தொல்லியலும், சனிக்கிழமைப் பொதுச் சொற்பொழிவுகள், அனைவரும் வரலாம், கட்டணம் இல்லை. காவலாளி என்னைப் பார்த்து, "மீட்டிங்குக்கா? மேல போங்க, இப்பதான் ஸ்டார்ட் பண்ணாங்க" என்றார். இல்லை என்று சொன்னால் மழையில் இறங்கச் சொல்வாரோ என்று மாடி ஏறினேன்.

அரங்கம் பாதி காலியாகக் கிடந்தது. மேடையில் ஜலதோஷம் பிடித்த ஒரு பேராசிரியை, கைக்குட்டையும் கையுமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் திரையில் ஒரு செங்கல்லின் படம். ஏதோ ஆற்றங்கரையில் மண்ணுக்குள் போய்விட்ட ஒரு நகரத்தின் செங்கல். அதன் மேல் நாயின் கால் தடம் பதிந்திருந்தது.

"செங்கல்லைக் காயப்போட்டிருக்காங்க. அது காயறதுக்குள்ள இந்த நாய் மேல நடந்துட்டுப் போயிருக்கு. செங்கல் அறுத்தவன் நிச்சயம் இதைத் திட்டியிருப்பான். திட்டினது நமக்குக் கிடைக்கலை. நடந்தது கிடைச்சிருக்கு" என்றார் அவர்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு சிமெண்ட் போட்ட அன்று தெரு நாய் நடந்துபோய் என் கணவர் அதைத் துடைப்பத்தோடு துரத்தியது ஞாபகம் வந்தது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்திய அந்த நாய் அந்த நிமிஷம் எனக்கு எங்கள் தெரு நாயாகவே தெரிந்தது.

பிளஸ் டூவில் நான் வரலாறு எடுத்திருந்தேன். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த என் நைனாவுக்கு அதற்கு மேல் படிக்கவைக்க முடியவில்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்து அழுததில்லை. ஆனால் அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, எப்போதோ பசித்து மறந்துபோன பசி திரும்ப எடுத்தது போல இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மருத்துவமனை முடிந்ததும் அங்கே போய்விடுவேன்.

போகப் போக எனக்கென்று ஓர் இருக்கை அமைந்தது. பக்கத்து இருக்கையில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா தவறாமல் வருவார். பையிலிருந்து புளிப்பு மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். "பொன்னேரி பக்கம்" என்றேன். "டீச்சரா இருக்கீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்பதற்கான ஆட்டலா, இல்லை என்பதற்கான ஆட்டலா என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் என்னை அன்று முதல் டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தார். நான் மறுக்கவில்லை. மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் எலுமிச்சைத் தோலால் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிறவள் நான். எதற்காகக் கழுவினேன் என்பது எனக்குத் தெரியும்.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மருத்துவமனையில் என் கையை மேலே கீழே அசைத்துப் பார்த்த டாக்டர், "நல்லாயிடுச்சும்மா. இனிமே வர வேண்டாம். வீட்லயே செஞ்சாப் போதும்" என்றார். சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்றைக்குச் சொற்பொழிவில் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அக்கா தனியாக உட்கார்ந்து கடைசிப் பெட்டிக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்கள் வெளுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வெந்நீ போட்டு வெச்சிருக்கேன், தோளுக்கு ஊத்திக்கோ. டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நாளு வரச் சொன்னாங்கக்கா."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ரயிலிலேயே அந்த வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டேன். வெந்நீரை எடுத்துக்கொண்டு போய், வலிக்காத தோளில் ஊற்றிக்கொண்டேன்.

பொய்யை ஒருமுறை சொல்லிவிட்டால் போதாது, அதற்கேற்ப நடக்கவும் வேண்டும். கூடை தூக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டேன். கொடியில் துணி போடும்போது இடது கையைப் பயன்படுத்தினேன். அக்கா இதையெல்லாம் பார்த்துப் பார்த்து என் வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நல்ல கொடுவா மீன் ஒன்று வந்தால் விற்காமல் எனக்குக் குழம்பு வைத்தார். "ரத்தம் ஊறணும்மே, சாப்புடு" என்று நடுத்துண்டை என் தட்டில் போடுவார். அது தொண்டையில் இறங்காது. மிச்சம் வைத்தால், "வலில சோறுகூட எறங்கல பாரு" என்று என் கணவரிடம் வருத்தப்படுவார். அதனால் வழித்துச் சாப்பிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அக்காவை வீட்டில் காணோம். சாயங்காலம் திருப்பாலைவனத்திலிருந்து வரும் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வந்தார். கையில் விபூதிப் பொட்டலம்.

"எங்கக்கா போனீங்க?"

"உன் தோளு சரியாவணும்னு ஈஸ்வரன் கோயிலுக்கு நடந்தே வர்றேன்னு வேண்டிக்கினு இருந்தேன். அதான் போயிட்டு வந்துட்டேன். சொன்னா நீ வேணாம்னுவே." என் தோளில் விபூதியைத் தடவினார். "வரும்போது முடியல, பஸ்ல ஏறிட்டேன். சாமி ஒண்ணும் நெனச்சுக்காது. போறதுதானே கணக்கு."

அவர் பாதத்தில் தார் ரோட்டுச் சூட்டில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து கீழே உட்கார்ந்து தடவினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அக்கா" என்றுகூடக் கூப்பிட்டேன். அவர், "கையி வலிக்கப்போவுது, உடு" என்று காலை இழுத்துக்கொண்டார். நான் உள்ளே போய் எண்ணெய்ப் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை போகக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் அக்காவே, "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று கிளப்பி அனுப்பினார்.

அன்றைய சொற்பொழிவு எலும்புகளைப் பற்றி. வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் பேசினார். பழைய புதைகுழிகளில் கிடைக்கும் எலும்புகளை வைத்து, அந்த மனிதர் என்ன சாப்பிட்டார், என்ன வேலை செய்தார் என்று ஓரளவு சொல்லமுடியும் என்றார். திரையில் ஒரு முதுகெலும்பைக் காட்டினார். ஒரு பெண்ணுடையது. கழுத்துக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் எலும்புக் கணுக்கள் தேய்ந்து, ஓரமெல்லாம் முள் முள்ளாக வளர்ந்திருந்தது.

"இந்தம்மா வாழ்நாள் முழுக்கப் பாரம் சுமந்திருக்காங்க. வயசானதால மட்டும் இப்படி ஆகாது. அவங்க பேரு நமக்குத் தெரியாது, என்ன மொழி பேசினாங்கன்னு தெரியாது. முதுகு வலிச்சிருக்கும், அது மட்டும் தெரியும்" என்றார்.

அரங்கத்தில் யாரோ 'ப்ச்' என்றார்கள். பக்கத்து இருக்கை அம்மா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் கடியாரத்தைப் பார்த்தேன். ஐஸ் வண்டி எங்கள் தெருவுக்கு வருகிற நேரம். பாரை இறக்கி உள்ளே இழுத்துப்போக வேண்டும். போன வாரமே அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்ததைப் பார்த்திருந்தேன். உடனே எழுந்து போயிருந்தாலும் வீடு சேர மூன்று மணி நேரமாவது ஆகும், எப்படியும் பயனில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். கேள்வி நேரத்துக்கும் இருந்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதற்குப் பிறகும் போனேன். ஐப்பசி வாக்கில் ஒரு சனிக்கிழமை, பேராசிரியை கூட்டத்தை முடிக்கும்போது, "நாளைக்குக் காலையில நாம எல்லாரும் ஒரு பஸ்ஸில் பழவேற்காடு போறோம். டச்சுக்காரங்க கல்லறை, பழைய துறைமுகம் இருந்த இடம், ஏரி, எல்லாம் பாக்கலாம்" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் கல்லறை மதிலை ஒட்டித்தான் நான் தினமும் தண்ணீர்க் குடத்தோடு போவேன். "டீச்சர், நீங்களும் வாங்க. உங்க பக்கம்தானே" என்றார் வங்கி அம்மா. வேலை இருக்கிறது என்றேன். ரயிலில் யோசித்தபோது பயம் தணிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் பொன்னேரி மார்க்கெட்டில் இருப்போம். அவர்கள் வந்து போவதற்கும் நான் திரும்புவதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஆனால் அன்று நான் வீடு சேர்ந்தபோது அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஐஸ் பாரைத் தனியாக இழுத்தபோது முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டதாம். புரண்டு படுக்கவே அவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. காலையில் கொஞ்சம் தேவலையாகி எழுந்தார். "பொன்னேரிக்கு ஆட்டோல குலுங்கிக்கினு என்னால வர முடியாது. இங்கயே பாலத்தாண்ட கடை போடுவோம். ஞாயித்துக்கெழம பட்டணத்து ஆளுங்க காருல வருவாங்க, வித்துரும்" என்றார். நான் மட்டும் பொன்னேரிக்குப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கைய வெச்சிக்கினு தனியாவா?" என்று முடித்துவிட்டார்.

பாலத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, அக்கா பிளாஸ்டிக் முக்காலியில் நேராக உட்கார, நான் கீழே நண்டுக் கூடையோடு உட்கார்ந்தேன். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். பஸ் வந்தது. கண்ணாடியில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒட்டியிருந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லா முகமும் எனக்குத் தெரிந்த முகம்.

அவர்கள் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வங்கி அம்மா நண்டு வாங்க எங்களிடம்தான் வந்தார். குனிந்து கூடையைப் பார்த்தவர், நிமிரும்போது என்னைப் பார்த்தார்.

"டீச்சர்! நீங்களா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். கையில் தராசு.

"நேத்து பக்கத்துல உக்காந்திருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லலியே! வாராவாரம் கிளாஸுக்கு வர்றீங்க, இது உங்க ஊருன்னு சொல்லக்கூடாதா?"

அக்கா என்னைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. வாராவாரம். நேற்று. டீச்சர்.

"ஆமாம்மா, டீச்சருதான்" என்றார் அக்கா. "என் கொழுந்தன் சம்சாரம். எனக்கு முதுகு புடிச்சிக்கினு கீது. அதான் லீவு நாளாச்சேன்னு ஒத்தாசைக்கு வந்துகீறா."

"பாவம், உடம்பைப் பாத்துக்குங்க" என்றார் வங்கி அம்மா. அக்காவே தராசை என் கையிலிருந்து வாங்கி நண்டை நிறுத்து, கட்டிக் கொடுத்தார். பஸ் போகும்வரை முகத்தில் எதையும் காட்டவில்லை. போன பிறகும் வருகிறவர்களிடம் விலை சொல்லி விற்றுக்கொண்டிருந்தார். என்னோடு மட்டும் பேசவில்லை.

சரக்கெல்லாம் தீர்ந்து வீட்டுக்கு வந்து சாமான்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு கேட்டார்.

"தோளு எப்போ சரியாச்சு?"

"ஆடிக்கு முன்னாடிக்கா."

"நான் கோயிலுக்கு நடந்தது?"

"அதுக்கப்புறம்."

நான் அழ ஆரம்பித்தேன். "அழாத. எனக்குப் பேஜாரா கீது" என்றார். "அங்க போயி இன்னா பண்ணுவே?"

"பழைய காலத்தப் பத்திப் பேசுவாங்க. கேப்பேன்."

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லயே?"

"அவ்ளோதான்க்கா. உங்களைக் கேட்டிருந்தா நீங்க போயிட்டு வான்னு சொல்லியிருப்பீங்க. நான்தான்..."

"எங்க சொல்லியிருப்பேன்?" என்றார் சட்டென்று. "சத்தியமா உட்டிருக்க மாட்டேன். வேல கெடக்குது, பேச்சு கேக்க இன்னா பட்டணத்துக்குன்னு கேட்டிருப்பேன். அது உனக்கும் தெரியும், அதான் சொல்லல. அதக்கூட உட்டுடறேன். ஆனா நீ தெனம் மூஞ்ச சுளிச்சே பாரு, கூட தூக்கும்போது. நான் அதப் பாத்துப் பாத்து பயந்தேன்மே. கையி வராமப் போயிடப்போவுதுன்னு."

நானும் திருப்பாலைவனத்துக்கு நடந்து போய்ப் பரிகாரம் செய்கிறேன் என்று ஏதோ உளறினேன். "நீ நடந்தா என் முதுகு நிமிந்துருமா? போயி அரிசியக் களைஞ்சு வை" என்றார்.

என் கணவரிடம் நானே சொன்னேன். "அண்ணன்கிட்ட நான் இன்னான்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அண்ணனுக்கு அக்கா கடைசிவரை சொல்லவே இல்லை.

அதன்பின் இரண்டு மாதங்களுக்கு மேல் சனிக்கிழமைகளில் நான் சென்னைக்குப் போனது அக்காவோடுதான். அதே மருத்துவமனை, முதுகுக்கு. ஊசி, மாத்திரை, பெல்ட். இனி பாரம் தூக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் வெளியே வரும்போது, "அந்த இடம் எங்க கீது?" என்று கேட்டார். காட்டினேன். உள்ளே வாருங்கள் என்றேன். "எனக்கு எதுக்கு? காலைலேந்து ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு போவுது. நீ வேணா போ, நான் மரத்தாண்ட நிக்கறேன்." நான் போகவில்லை. இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

பெட்டி தூக்கவும் ஐஸ் இழுக்கவும் இப்போது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி எங்களோடு இருக்கிறாள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் இறால் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அடுத்த வாரத்துலேந்து மாசத்துல ஒருக்கா போயிட்டு வா. மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இங்க இருந்து இன்னா பிரயோஜனம்?" என்றார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கவில்லை. வைத்திருக்கக்கூடாது என்று ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். அதுவே தெரிந்திருக்கும் போல.

போனேன். வங்கி அம்மா எனக்கு இருக்கை பிடித்து வைத்திருந்தார். "நான் டீச்சர் இல்லைங்க. மீன் விக்கறேன். அன்னைக்கு எங்க அக்கா எனக்காகச் சொன்னாங்க" என்றேன். அவர் முகம் ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு, "அதனால என்ன" என்று மிட்டாயை நீட்டினார். நல்லவர்தான். ஆனால் அதன்பிறகு அவர் என்னிடம் பழைய ராஜ்ஜியங்களைப் பற்றிப் பேசுவது குறைந்தது. நல்ல இறாலை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்பது கூடிவிட்டது. அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

மாதத்தில் ஒருமுறை போகிறேன். முன்பிருந்த சந்தோஷம் அப்படியே இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது. திரை ஒளிர்ந்து யாராவது ஓர் ஓட்டாஞ்சில்லைக் காட்டிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வேறு எதுவும் தெரிவதில்லை. முடிந்து விளக்குப் போட்டதும்தான் எல்லாம் திரும்ப வந்து உட்காரும்.

அக்கா இப்போதும் குளிர்காலத்தில் காலையில் எழும்போது முதலில் மண்டிபோட்டு, பிறகு சுவரைப் பிடித்து, பிறகுதான் நிமிர்கிறார். நான் அருகில் இருந்தால் கை கொடுப்பேன். பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். எழுந்ததும் கையை விட்டுவிட்டு, அடுப்படிக்கு மெல்ல நடந்து போகிறார்.